இலங்கையின் பெயரோடு பெர்லினுக்குப் போனவர்கள்: தமிழில் வரலாறு கற்பிக்கும் ஆசிரியர்களுக்கு ஒரு திறந்த மடல்

ஆசிரியப் பெருமக்களுக்கு வணக்கம்.

1944 ஜனவரி 20ஆம் திகதி மாலை, இங்கிலாந்தின் யார்க்ஷியரில் பொக்ளிங்டன் என்ற சிற்றூரை ஒட்டிய விமானத் தளத்திலிருந்து 16 ஹாலிஃபாக்ஸ் குண்டுவீச்சு விமானங்கள் பெர்லினைத் தாக்கப் புறப்பட்டன. அவற்றில் 5 திரும்பவில்லை; மேலும் 2, இங்கிலாந்து மண்ணிலேயே மோதி நொறுங்கின. மறுநாள் இரவே அதே அணி மக்டபேர்க் நகருக்கு அனுப்பப்பட்டு, அங்கே இன்னும் 4 விமானங்களைப் பறிகொடுத்தது. இரண்டே இரவுகளில் 11 விமானங்களை இழந்த அந்த அணியின் பெயர், பிரித்தானிய அரச வான்படையின் 102ஆம் சிலோன் ஸ்குவாட்ரன்.

அந்தப் பெயர் தற்செயலாக வந்ததன்று. போர்ச் செலவுக்குப் பெருந்தொகை கொடுத்த குடியேற்ற நாடுகளின் பெயரை வான்படை அணிகளுக்குச் சூட்டுவது அன்றைய வழக்கமாக இருந்தது; இலங்கையிலிருந்து சென்ற நன்கொடைக்குக் கைம்மாறாக இலங்கையின் பெயர் 102ஆம் அணிக்கு வைக்கப்பட்டது. தமிழர் வாழ்ந்த வேறு நிலங்களின் பெயர்களும் இவ்வாறே அந்த வானத்தில் பறந்தன. இலக்கை ஒளிக்குண்டுகளால் அடையாளமிட்டுப் பின்வருவோருக்குக் காட்டிய வழிகாட்டிப் படையின் தொடக்க அணிகளுள் ஒன்றான 35ஆம் ஸ்குவாட்ரன், மதராஸ் மாகாணத்தின் பெயரைத் தாங்கியது. ஹாலிஃபாக்ஸ் விமானத்தை முதன்முதலில் போருக்குக் கொண்டுசென்றதும் அதுவே. பினாங்கு, மலாக்கா, சிங்கப்பூர் ஆகியவை அடங்கிய நீரிணைக் குடியேற்றங்களின் பெயர் 97ஆம் ஸ்குவாட்ரனுக்குக் கிடைத்தது. 1943 டிசம்பர் 16ஆம் திகதி இரவு பெர்லின்வரை போய் மீண்ட அந்த அணியின் விமானங்களில் பல, தம் தளத்தை மூடியிருந்த பனிமூட்டத்தில் ஓடுபாதையைக் காணமாட்டாமல் கேம்பிரிட்ஜ் அருகே வீழ்ந்தன. ஆகவே இந்த மடலை இலங்கை ஆசிரியர்களுக்கு மட்டும் எழுதாமல், தமிழில் வரலாறு சொல்லிக்கொடுக்கும் எல்லோருக்கும் எழுதுகிறேன்.

என் வேண்டுகோள் ஒன்றுதான். ஆண்டுதோறும் ஜனவரி 20ஐ ஒட்டிய வாரத்தில் ஒரே ஒரு பாடவேளையை, அந்த இரவில் திரும்பாத ஏதேனும் ஒரு விமானத்தின் குழுவினரைப் பற்றிப் பேச ஒதுக்குங்கள். அணியைப் பற்றியோ போரைப் பற்றியோ பொதுவாகப் பேசுவதை விட, ஒரு விமானத்தில் ஒன்றாக ஏறிய ஏழு பேரை அவர்களுடைய பெயர், வயது, ஊர், பொறுப்பு ஆகியவற்றோடு மாணவர்களுக்கு அறிமுகப்படுத்துங்கள். அதே பாடவேளையில், அந்த விமானத்தின் குண்டுகள் யார்மேல் விழுந்தன என்பதையும் பேசுங்கள். இவ்விரண்டில் ஒன்றை மட்டும் செய்வதாக இருந்தால் இந்த முயற்சியே வேண்டாம் என்றுதான் நான் சொல்வேன். ஏன் என்பதைப் பின்னால் விளக்குகிறேன்.

முதலில் அந்த ஏழு பேர். ஹாலிஃபாக்ஸ் விமானத்தின் மூக்குப் பகுதியில் குண்டு எறிபவரும், வழிகாட்டியான நேவிகேட்டரும், வானொலி இயக்குநரும் நெருக்கியடித்து இருப்பார்கள்; அவர்களுக்குச் சற்று மேலே விமானியும் அவருக்கு அருகே பொறியாளரும்; முதுகின் மேலிருந்த சுழல்கூண்டில் ஒரு துப்பாக்கியாளர்; வாலின் கடைசிமுனையில், மற்ற எல்லோரிடமிருந்தும் விலகி, மின்சாரத்தால் சூடேற்றிய உடையை அணிந்தும் விறைத்துப்போகும் குளிரில், இன்னொரு துப்பாக்கியாளர். இவர்களுள் ஒருவர்கூடக் கட்டாயத்தின் பேரில் பறந்தவர் அல்லர். குண்டுவீச்சுப் படையின் பறக்கும் பிரிவில் இருந்த அனைவரும் தாமாக முன்வந்தவர்களே. ஆனால் முன்வந்த பிறகு பின்வாங்குவது எளிதாக இருக்கவில்லை. அச்சத்தாலோ களைப்பாலோ இனிப் பறக்க முடியாது என்று சொன்னவருடைய கோப்பில் ‘மனத்திண்மை குன்றியவர்’ என்ற பொருள்படும் முத்திரை விழும். பதவிப் பட்டையும் பறக்கும் சின்னமும் பறிபோகும். தாமாக முன்வந்தவர்கள் என்று சொல்லும்போது இதையும் சேர்த்துத்தான் மாணவர்களுக்குச் சொல்லவேண்டும்.

ஒரு குழு உருவான விதம் மாணவர்களுக்கு நிச்சயம் வியப்பாக இருக்கும். பயிற்சி நிலையத்தில் விமானிகளையும் நேவிகேட்டர்களையும் குண்டு எறிபவர்களையும் வானொலி இயக்குநர்களையும் துப்பாக்கியாளர்களையும் ஒரு பெரிய விமானக் கொட்டகைக்குள் விட்டு, நீங்களே பேசிக் குழு சேர்ந்துகொள்ளுங்கள் என்று சொல்லிவிடுவார்கள். எல்லாவற்றுக்கும் படிவமும் கட்டளையும் வைத்திருந்த ஒரு படை, தன் ஆட்களின் உயிரைத் தீர்மானிக்கும் இந்த ஒன்றை மட்டும் அவர்களுடைய முகப்பழக்கத்துக்கு விட்டுவிட்டது. முகத்தைப் பார்த்தும், ஊரைக் கேட்டும், கையில் தேநீர்க் கோப்பையோடு நின்று நாலு வார்த்தை பேசியும் ஐவர் சேர்வார்கள். நான்கு இயந்திர விமானத்துக்கு மாறும்போது பொறியாளரும் இன்னொரு துப்பாக்கியாளரும் வந்து சேர ஏழாகும். கனடாவிலிருந்தும் ஆஸ்திரேலியாவிலிருந்தும் நியூசிலாந்திலிருந்தும் வந்தவர்கள் ஒரே விமானத்தில் லண்டன் கடைப்பையனோடும் ஸ்கொட்லாந்து விவசாயி மகனோடும் பறந்தார்கள். பெரும்பாலானோர் இருபதுகளின் தொடக்கத்தில் இருந்தவர்கள். உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டுப் பெறுபேற்றுக்குக் காத்திருக்கும் உங்கள் பழைய மாணவர்களை விட மூன்று நான்கு வயதே மூத்தவர்கள்.

30 தாக்குதல்களை முடித்தால் ஒரு சுற்று நிறைவு. அதன் பிறகு சில மாதமாவது ஓய்வு. அந்த ஜனவரி 20 இரவில் பெர்லினுக்குப் போன 769 விமானங்களில் 35 திரும்பவில்லை, அதாவது நூற்றுக்கு 4.6. கேட்பதற்குச் சிறிய எண். கணித ஆசிரியரையும் வகுப்புக்கு அழைத்து, ஒவ்வோர் இரவும் இதே வீதத்தில் இழப்பு நேர்ந்தால் 30 இரவுகளைக் கடப்போர் எத்தனை பேர் என்று மாணவர்களையே கணக்கிடச் சொல்லுங்கள்: நூறு பேரில் ஏறத்தாழ 24 பேர். அதிலும் ஹாலிஃபாக்ஸில் போனவர்களின் நிலை மோசம். அன்றிரவு சென்ற 264 ஹாலிஃபாக்ஸ்களில் 22 வீழ்ந்தன. படையின் இன்னொரு நான்கு இயந்திரக் குண்டுவீச்சு விமானமான லங்காஸ்டரில், சென்ற 495இல் வீழ்ந்தவை 13. மறுநாள் மக்டபேர்க்கில் 224 ஹாலிஃபாக்ஸ்களில் 35 போயின. 102ஆம் அணி வைத்திருந்த ஹாலிஃபாக்ஸ் இரண்டாம் வகை, லங்காஸ்டர் எட்டிய உயரத்தை எட்டமுடியாமல் கீழே பறந்ததால், இரவு வேட்டை விமானங்களுக்கு முதலில் அகப்பட்டது. பிப்ரவரி 19ஆம் திகதி லைப்சிக் தாக்குதலில் 78 விமானங்களை ஒரே இரவில் இழந்த பிறகுதான் இவ்வகை ஹாலிஃபாக்ஸ்களை ஜெர்மனிக்கு அனுப்புவதை நிறுத்தினார்கள். பொக்ளிங்டன் கொடுத்த விலையைப் பார்த்தே ஒரு மாதம் முன்னதாக அந்த முடிவை எடுத்திருக்கலாம் என்று இன்று நாம் நினைப்பதில் தவறில்லை.

அந்த இரவில் மேலே என்ன நடந்தது என்பதையும் சொல்லவேண்டும். பெர்லின் முழுதும் முகில் மூடிக்கிடந்தது. வழிகாட்டி விமானங்கள் பாராசூட்டில் தொங்கும் வண்ண ஒளிக்குண்டுகளை முகிலுக்கு மேலே விட, பின்னால் வந்தவர்கள் அவற்றைக் குறிவைத்துக் கீழே எதுவும் தெரியாமலே குண்டுகளைப் போட்டுவிட்டுத் திரும்பினார்கள். தாக்குதல் நகரின் கிழக்குப் பகுதிகளில் விழுந்ததாக ராடார் திரையைப் பார்த்தவர்கள் நம்பினார்கள்; மேலும் நான்கு தாக்குதல்கள் நடந்து முடியும்வரை அதைப் படம்பிடித்துச் சரிபார்க்க வாய்க்கவில்லை. ஜெர்மன் வேட்டை விமானங்களோ 1943 கோடையில் கண்ட தோல்வியிலிருந்து மீண்டு, குண்டுவீச்சு விமானங்களின் நீண்ட வரிசைக்குள் நுழைந்து அதனோடேயே பறந்து வேட்டையாடும் முறைக்கு மாறியிருந்தன. அவற்றுள் பல, மேல்நோக்கிச் சுடும் பீரங்கிகளைப் பொருத்திக்கொண்டு, குண்டுவீச்சு விமானத்தின் அடிவயிற்றுக்குக் கீழே ஓசையின்றி வந்து, எரிபொருள் நிறைந்த இறக்கையைச் சுட்டன. கீழே பார்க்கும் கூண்டு இல்லாத விமானத்தில், வால் துப்பாக்கியாளர் கண்விழித்துக் காத்திருந்தும் எதைக் கண்டிருக்க முடியும்?

வேட்டையாடியவர்களுக்கும் அந்த இரவுகள் கருணை காட்டவில்லை. 83 விமானங்களை வீழ்த்தி அப்போது ஜெர்மன் இரவு வேட்டை விமானிகளில் முதலிடத்தில் இருந்த இளவரசர் ஹைன்ரிஷ் ஸூ சைன்-விட்கென்ஸ்டைன், மக்டபேர்க் இரவில் ஐந்து விமானங்களை வீழ்த்திய பின் தாமும் சுடப்பட்டு மாண்டார். அவருக்கு வயது 27.

பொக்ளிங்டனில் மறுநாள் காலை என்ன செய்தார்கள் என்பது அணியின் செயற்பாட்டுப் பதிவேட்டில் இருக்காது. ஒவ்வோர் அணியும் நாள்தோறும் எழுதிய அந்தப் பதிவேடுகள் லண்டன் கியூவில் உள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில் இன்றும் கிடைக்கின்றன. விமானத்தின் எண், குழுவினரின் பெயர்கள், புறப்பட்ட நேரம் எல்லாம் தட்டச்சில் இருக்கும். திரும்பாத விமானத்துக்கு எதிரே, புறப்பட்ட பின் இதனிடமிருந்து செய்தி எதுவும் வரவில்லை என்பது போன்ற ஒற்றை வரிதான் வழக்கம். பதிவேட்டுக்கு வெளியே நடந்தவை வேறு: காணாமற்போனவர்களின் கட்டிலருகே இருந்த உடைமைகளை அதற்கென நியமிக்கப்பட்டவர்கள் ஒவ்வொன்றாகப் பட்டியலிட்டு, வீட்டாரை வருத்தக்கூடிய கடிதமோ படமோ இருந்தால் விலக்கிவிட்டு, மற்றவற்றை மைய வைப்பிடத்துக்கு அனுப்பினார்கள். வீட்டுக்குத் தந்தி போனது. பின்னால் அணித் தலைவரின் கடிதம் போனது. இறந்தான் என்று தந்தி சொல்லவில்லை, காணவில்லை என்றே சொன்னது. காணாமற்போனோர் என்ற சொல் ஒரு வீட்டுக்குள் நுழைந்தால் அந்த வீடு எத்தனை ஆண்டு அதே இடத்தில் நின்றுவிடும் என்பதை வடக்கிலும் கிழக்கிலும் கற்பிக்கும் ஆசிரியர்களுக்கு நான் விளக்கவேண்டியதில்லை.

அவ்வாறு காணாமற்போனோரைத் தேடப் போருக்குப் பின் வான்படை தனிப்பிரிவு ஒன்றை அமைத்தது. அவர்கள் ஊர் ஊராகச் சென்று, கிராமத் தேவாலயப் பதிவுகளையும் ஊர்மக்களின் நினைவையும் கேட்டறிந்து, தற்காலிகக் குழிகளைத் திறந்து அடையாளம் கண்டார்கள். பெர்லினிலும் கிழக்கு ஜெர்மனியிலும் சிதறிக் கிடந்த உடல்கள் பெர்லினின் மேற்கே ஹேர்ஸ்ட்ராஸ சாலையோரத்தில் அமைந்த போர்க்கல்லறைக்குக் கொண்டுவரப்பட்டன. அங்கே இருக்கும் மூவாயிரத்து ஐந்நூறுக்கும் மேற்பட்ட கல்லறைகளில் மிகப் பெரும்பாலானவை வான்படையினருடையவை. உடல் கிடைக்காதோரின் பெயர்கள் லண்டனுக்கு மேற்கே ரன்னிமீடில் உள்ள நினைவகச் சுவர்களில் வெட்டப்பட்டன. அந்தச் சுவர்களில் இருபதாயிரத்துக்கும் மேற்பட்ட பெயர்கள் இருக்கின்றன. ஆனால் தேடல் அத்தோடு முடியவில்லை. ஜனவரி 20 இரவில் 102ஆம் அணி இழந்த ஹாலிஃபாக்ஸ்களில் ஒன்றிலிருந்து பாராசூட்டில் குதித்துப் போர்க்கைதியாகி உயிர் பிழைத்த நேவிகேட்டர், அறுபது ஆண்டுகளுக்குப் பின் தம் முதுமையில் பெர்லினுக்குத் திரும்பிப்போய், உள்ளூர் ஜெர்மானியர்களின் துணையோடு விமானம் விழுந்த இடத்தைக் கண்டறிந்தார். அங்கே கிடைத்த எச்சங்களால் அடையாளம் காணப்பட்ட தோழர் ஒருவர், படை மரியாதையோடு பெர்லின் போர்க்கல்லறையில் அடக்கம் செய்யப்பட்டார். உங்கள் பாடவேளைக்கு ஒரு குழுவைத் தேர்ந்தெடுக்கத் தயக்கம் இருந்தால் இந்தக் குழுவையே எடுத்துக்கொள்ளலாம். பிழைத்தவரும் மாண்டவரும் தேடியவரும் தேட உதவிய எதிர்நாட்டவரும் ஒரே கதையில் இருப்பது அரிது.

இனி, உங்களில் பலர் கேட்கக்கூடிய கேள்விக்கு வருகிறேன். குண்டு போட்டவர்களை நாம் ஏன் நினைக்கவேண்டும்?

இந்தக் கேள்வியை நான் மதிக்கிறேன். யாழ்ப்பாணத்தில் பிறந்த எனக்கும் அது உள்ளூர இருக்கிறது. பொம்மர் இரைச்சல் கேட்டதும் பிள்ளைகளை இழுத்துக்கொண்டு பங்கருக்குள் பாய்ந்த தலைமுறை நம்முடையது. 1995 ஜூலை 9ஆம் திகதி நவாலி தேவாலயத்தில் தஞ்சம் புகுந்திருந்தவர்கள்மேல் குண்டு விழுந்ததை நேரில் அறிந்த ஆசிரியர்கள் இன்னும் வகுப்பறைகளில் இருக்கிறார்கள். அவர்களிடம் போய், குண்டுவீச்சு விமானத்தில் இருந்தவர்களுக்காக ஒரு நிமிடம் எழுந்து நில்லுங்கள் என்று நான் கேட்கவில்லை. எழுந்து நிற்பதும் மாலை போடுவதும் வேறு, அறிந்துகொள்வது வேறு. நான் கேட்பது இரண்டாவதை மட்டும்.

அறிந்துகொள்ளவேண்டியவற்றுள் கீழே இருந்தவர்களும் அடங்குவர். 1943 நவம்பரிலிருந்து 1944 மார்ச் வரை பெர்லின்மேல் 16 பெருந்தாக்குதல்கள் நடந்தன. குண்டுவீச்சுப் படைத் தலைவர் ஆர்தர் ஹாரிஸ், அமெரிக்கரும் கைகொடுத்தால் நகரை முழுதாக அழித்துவிடலாம் என்றும், அதற்கு 400 முதல் 500 விமானங்கள் செலவாகும் என்றும், ஜெர்மனி போரையே இழக்கும் என்றும் சர்ச்சிலுக்கு எழுதினார். விமானக் கணக்கு ஓரளவு பலித்தது, ஜெர்மனி போரை இழப்பது பற்றிய கணக்குப் பலிக்கவில்லை. இந்தத் தாக்குதல்களில் மாண்டவர்களுள் நாத்சி அதிகாரிகளும் இருந்தார்கள், ஆயுதத் தொழிலாளரும் இருந்தார்கள், குழந்தைகளும் இருந்தார்கள். போலந்திலிருந்தும் உக்ரைனிலிருந்தும் இழுத்துவரப்பட்டு, பலமான பதுங்கறைகளுக்குள் நுழையும் உரிமைகூட மறுக்கப்பட்ட கட்டாயத் தொழிலாளரும் இருந்தார்கள். அவர்களை விடுவிக்கவே நடந்ததாகச் சொல்லப்படும் போரில் அவர்கள்மேலும் குண்டு விழுந்தது. அதற்கு ஆறு மாதம் முன்பு, 1943 ஜூலையில், ஹம்பேர்க் தீப்புயலில் முப்பதாயிரத்துக்கும் மேற்பட்டோர் மாண்டிருந்தனர். மாணவர்கள் இதைக் கேட்கவேண்டும். ஹிட்லரின் படைகள் வார்சாவையும் ரொட்டர்டாமையும் கொவன்ட்ரியையும் எரித்ததையும் கேட்கவேண்டும். எது எதற்கு நியாயம் என்ற தீர்ப்பை வகுப்பின் முடிவில் எழுதச்சொல்லி மதிப்பெண் போடாதீர்கள் என்பதே என் தாழ்மையான விண்ணப்பம்.

நம் பங்குக்கு ஒரு சங்கடம் இருக்கிறது, அதைச் சுற்றிவளைத்துப் போகக்கூடாது. நம் நிலங்களின் பெயர் அந்த விமான அணிகளுக்கு வந்தது, நம் நிலங்களிலிருந்து போன பணத்தால். அடிமைப்பட்டிருந்த நாடு ஒன்று ஆளும் நாட்டின் போருக்குக் கொடுத்த நன்கொடையில் எவ்வளவு மனமுவந்தது, எவ்வளவு தட்டமுடியாமல் தந்தது என்பதை இன்று பிரித்தறிவது கடினம். சுதேசிகள் கொடுத்ததும் வெள்ளையர் கொடுத்ததும் ஒரே தொகையாகக் கலந்துபோனது. ஆனாலும் பெயர் இருக்கிறது. சிலோன் என்று எழுதிய நினைவுக்கல், இன்று இயந்திரமில்லாச் சறுக்கு விமானக் கழகம் ஒன்று பயன்படுத்தும் அந்தப் பழைய பொக்ளிங்டன் தளத்தின் வாயிலில் நிற்கிறது. அதே தளத்தில் முன்பு இருந்த கனடாவின் 405ஆம் வான்கூவர் அணியின் பெயரும் அங்கே உண்டு. கனடாவிலிருந்து அந்தக் கல்லைத் தேடி வருகிறார்கள். இலங்கையிலிருந்து வந்து நிற்பவர்களை நான் இந்தப் பக்கத்தில் வாழும் காலத்தில் கண்டதில்லை. இதை யார்மேலும் குறையாகச் சொல்லவில்லை, தெரிந்தால்தானே வருவார்கள்.

கனடாவைச் சொன்னதால் ஒன்றைச் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். 1942 ஏப்ரல் 4ஆம் திகதி, கொக்கலையிலிருந்து கட்டலினா விமானத்தில் புறப்பட்டு, இலங்கையை நோக்கி வந்த ஜப்பானியக் கப்பற்படையைக் கண்டு செய்தி அனுப்பிய பின் சுட்டுவீழ்த்தப்பட்ட லெனர்ட் பேர்ச்சலும் அவருடைய குழுவினரும் கனடாவின் 413ஆம் அணியைச் சேர்ந்தவர்கள். மறுநாள் கொழும்பும், ஏப்ரல் 9ஆம் திகதி திருகோணமலையும் குண்டுவீச்சுக்கு உள்ளாயின. எனவே அந்தப் போரில் இலங்கை குண்டை மேலிருந்து அனுப்பவும் செய்தது, கீழிருந்து வாங்கவும் செய்தது. 102ஆம் அணியைக் கற்பிக்கும் ஆசிரியர் திருகோணமலையிலிருந்து பாடத்தைத் தொடங்கினால், பெர்லின் மாணவர்களுக்கு அவ்வளவு தொலைவாகத் தெரியாது.

102ஆம் அணியோடு தொடர்புடைய ஒரே ஒரு புகழ்பெற்ற பெயரையும் குறிப்பிடவேண்டும். 1940 நவம்பரில் கொலோன் தாக்குதலின்போது பீரங்கிக் குண்டு பட்டு உடல் கிழிந்த விட்லி விமானத்தைப் பத்திரமாக வீடு சேர்த்த லெனர்ட் செஷையர், அப்போது இந்த அணியின் விமானி. போருக்குப் பின் அவர் நோயுற்றோருக்கும் ஊனமுற்றோருக்கும் இல்லங்கள் அமைக்கத் தொடங்கினார். அந்தச் செஷையர் இல்லங்கள் இந்தியாவிலும் இலங்கையிலும் இருக்கின்றன. செஷையரைக் கற்பித்தால் வகுப்பு இனிதாக முடியும் என்பது உண்மைதான். ஆனால் அவரை மட்டும் கற்பிப்பது, திரும்பிவந்தவர்களின் கதையை மட்டும் கற்பிப்பதாகிவிடும். குண்டுவீச்சுப் படையில் பறந்த ஏறத்தாழ 125,000 பேரில் 55,573 பேர் மாண்டார்கள். அவர்களில் மிகப் பெரும்பாலானோர் எந்த இல்லத்தையும் கட்டும் வயதை எட்டவில்லை. நல்லவர்களாக வளர்ந்திருப்பார்களா என்பதும் நமக்குத் தெரியாது. ஒருவரை நினைவுகூர அவர் பின்னாளில் செய்த நன்மையைச் சான்றாகக் கேட்கும் பழக்கம் நமக்கு வேண்டாம்.

பிரித்தானியாவே இவர்களை நினைப்பதில் நெடுங்காலம் தடுமாறியது. வெற்றிக்குப் பின் இந்தப் படையைப் பற்றிப் பேச அரசியல்வாதிகள் கூசினார்கள்; எரிந்த நகரங்களின் படங்கள் அப்போதே வெளிவந்திருந்தன. லண்டன் கிரீன் பார்க்கில் இவர்களுக்கான நினைவகம் 2012 ஜூன் 28 அன்றுதான் திறக்கப்பட்டது. பறக்கும் உடையில் ஏழு வெண்கல உருவங்கள் நிற்கும் அந்த மண்டபத்தின் கூரைக்கு, பெல்ஜியத்தில் வீழ்ந்த ஒரு ஹாலிஃபாக்ஸிலிருந்து மீட்ட அலுமினியத்தைப் பயன்படுத்தினார்கள். அதே மண்டபத்தில், அந்த ஆண்டுகளின் குண்டுவீச்சில் உயிரிழந்த எல்லா நாட்டு மக்களையும் நினைவுகூரும் வாசகமும் இடம்பெற்றிருக்கிறது. அந்த வாசகம் போதுமா என்ற வாதம் இன்றும் தொடர்கிறது. எனக்கு அது போதாது என்றே தோன்றுகிறது. இருந்தாலும் குழுவினரின் உருவமும் கீழே மாண்டவர்களைப் பற்றிய வரியும் ஒரே கூரையின்கீழ் வைக்கப்பட்டன என்பது, உங்கள் பாடவேளைக்கு நான் கேட்கும் அமைப்புக்கு ஒரு முன்மாதிரி.

செய்முறையைப் பற்றிச் சில சொற்கள். பொதுநலவாயப் போர்க்கல்லறை ஆணையத்தின் இணையப் பதிவில் ஒருவருடைய பெயரைத் தேடினால் பதவி, அணி, மாண்ட திகதி, கல்லறை எண் ஆகியவையும், பல வேளைகளில் வயதும் பெற்றோர் பெயரும் ஊரும், குடும்பத்தார் கல்லில் பொறிக்கத் தேர்ந்தெடுத்த சிறு வாசகமும் கிடைக்கும். லிங்கன் நகரிலுள்ள அனைத்துலகக் குண்டுவீச்சுப் படை மையம் தொகுத்த இழப்புப் பதிவேட்டையும் எவரும் கட்டணமின்றிப் பார்க்கலாம். அதில் ஒரு விமானத்தைத் தேடி, அதில் இருந்த எல்லோரையும் ஒன்றாகக் காணமுடியும். ஏழு மாணவர்களுக்கு ஏழு பேரைப் பகிர்ந்தளித்து, ஒவ்வொருவரும் ஒருவரைப் பற்றிக் கிடைப்பதைத் தேடித் தமிழில் அரைப்பக்கம் எழுதட்டும். எட்டாவது மாணவர் அந்த இரவின் பெர்லினைப் பற்றி எழுதட்டும். அதே ஆணையம் பராமரிக்கும் கல்லறைகள் திருகோணமலை உப்புவெளியிலும், கண்டியிலும், சென்னை நந்தம்பாக்கத்திலும், தைப்பிங்கிலும், சிங்கப்பூர் கிராஞ்சியிலும் இருக்கின்றன. அருகில் இருக்கும் பள்ளிகள் பிள்ளைகளை அழைத்துச் செல்லலாம்.

தமிழில் எழுதப்பட்டவை குறைவாக இருப்பதே ஆசிரியர்களுக்குப் பெரிய இடைஞ்சல் என்பதை அறிவேன். ஆகவே ஜனவரி 20, 21 ஆகிய இரு இரவுகளுக்கான 102ஆம் அணியின் பதிவேட்டுப் பக்கங்களைக் கியூவில் படியெடுத்து, படைச் சுருக்கச் சொற்களுக்கு விளக்கத்தோடு தமிழில் பெயர்த்துத் தர நான் முன்வருகிறேன். பொக்ளிங்டன் நினைவுக்கல்லையும், அதற்கு அண்மையில் பார்ம்பி மூர் தேவாலய முற்றத்தில் வரிசையாக உள்ள வான்படையினர் கல்லறைகளையும் படமெடுத்து அனுப்பவும் முடியும். 35ஆம், 97ஆம் அணிகளைப் பற்றி இதே வேலையைச் செய்யத் தமிழ்நாட்டிலோ மலேசியாவிலோ சிங்கப்பூரிலோ யாரேனும் முன்வந்தால், நான் திரட்டியவற்றை அவர்களோடு பகிர்ந்துகொள்வேன். அடுத்த ஜனவரிக்குள் ஒரு பள்ளியாவது இதைச் செய்துபார்த்து, எது வகுப்பில் எடுபட்டது, எது எடுபடவில்லை என்று எழுதினால், மொழிபெயர்ப்பை அதற்கேற்பத் திருத்திக்கொள்ளலாம்.

பணிவன்புடன்,
யார்க்ஷியரில் வாழும் யாழ்ப்பாணத்து முன்னாள் மாணவன்